விளையாட்டுப் பெட்டியும் வீட்டுக் காவலும்



இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், வீட்டுக் கூடத்தில் டிவிக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும் கேம் கன்சோலைப் பற்றியது. அந்தப் பெட்டிக்கும் வெளியிலுள்ள இன்டர்நெட்டுக்கும் நடுவே, ரவுட்டருக்குள் இருந்துகொண்டு, இரவு பகலாக ஓசையின்றிக் காவல் புரிகிற ஃபயர்வாலைப் பற்றியது. இது சிறுவர் சமாசாரம் ஆயிற்றே, இதற்கு ஒரு சபை கூட்டிப் பேச வேண்டுமா என்று உங்களில் சிலர் எண்ணலாம். பேசத்தான் வேண்டும். நம் வீட்டிலுள்ள சாதனங்களில், "உங்கள் காவலைக் கொஞ்சம் தளர்த்துங்கள்" என்று திரையிலேயே எழுதிக் காட்டி நம்மிடம் விண்ணப்பம் செய்துகொள்ளும் சாதனம் அநேகமாக இது ஒன்றுதான். அந்த விண்ணப்பத்தை ஏற்கும்போது எதைத் தளர்த்துகிறோம், யாருக்காகத் தளர்த்துகிறோம், எவ்வளவு தளர்த்துகிறோம் என்று அறிந்து செய்கிறோமா என்பதே என் கேள்வி.

விண்ணப்பம் எப்படி வருகிறது? புதிதாக வாங்கிய பெட்டியை இணைத்து, நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து பார்க்கிறது பிள்ளை. எக்ஸ்பாக்ஸாக இருந்தால் "நேட் டைப்: ஸ்ட்ரிக்ட்" என்று வருகிறது, பிளேஸ்டேஷனாக இருந்தால் "டைப் 3" என்று வருகிறது. கேம் இறங்குகிறது, அப்டேட் இறங்குகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் நண்பனுடைய ஆட்டத்தில் சேர முடியவில்லை, சேர்ந்தாலும் அவன் குரல் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர், "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுப்பா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வாக்கியத்தை மறுப்பதற்காகவே நான் இங்கே வந்திருக்கிறேன். அதே சமயம், "விளையாட்டே வேண்டாம், தூக்கிப் பரணில் போடு" என்று சொல்லும் பெரியவர்களின் கட்சியிலும் நான் இல்லை. தூரத்திலிருக்கும் தோழனோடு சேர்ந்து ஆடவேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசை. அதற்கு வழிவிட வேண்டியது வீட்டாரின் கடமை. அந்த வழி எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்பதில்தான் விவேகம் தேவைப்படுகிறது.

இந்தச் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது? இன்டர்நெட்டின் முகவரிப் பஞ்சத்தில் இருக்கிறது. ஐபிவி4 என்னும் பழைய முறையில் ஒரு முகவரி 32 பிட்டுகளால் ஆனது. ஆகையால் உலகம் முழுமைக்கும் அமையக்கூடிய முகவரிகள் 429 கோடியும் கொஞ்சமும்தான். இந்த இருப்பு ஒரு நாள் தீர்ந்துபோகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்த பொறியாளர்கள், உள்ளே ஒரு முகவரியும் வெளியே வேறொரு முகவரியுமாக மாற்றிக்கொடுக்கும் நேட் என்ற உபாயத்தை, 1994-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணத்தில் விவரித்தார்கள். அதை அவர்களே குறுகிய காலப் பரிகாரம் என்றுதான் எழுதினார்கள். ஆனால் 192.168 என்று தொடங்கும் முகவரிகளை வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள்ளேயே எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996-இல் விதி ஏற்பட்ட பிறகு, குறுகிய காலப் பரிகாரம் நிரந்தர ஏற்பாடாகவே நிலைபெற்றுவிட்டது. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி உலக மத்திய இருப்பில் மிஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டு, கையிருப்பு காலியாயிற்று.

நேட் செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள, பல வீடுகள் அடங்கிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்குத் தெரிந்தது தெருமுகவரி ஒன்றுதான். வாசலில் ஒரு காவலாளி. அவர் கையில் ஒரு நோட்டு. உள்ளேயிருந்து யார் யாருக்குக் கடிதம் அனுப்பினாலும் அவர் அதை நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்தால் குறிப்பைப் பார்த்து உரிய வீட்டுக்குச் சேர்க்கிறார். யாரும் எதிர்பாராமல், எந்த வீடு என்று சொல்லத் தெரியாமல், தெருமுகவரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றால்? நோட்டில் குறிப்பு இல்லை. ஆகவே அவரை உள்ளே விடுவதில்லை. நேட்டும் ஃபயர்வாலும் சேர்ந்து நம் ரவுட்டரில் செய்கிற காரியம் இதுவே.

இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். உங்கள் எக்ஸ்பாக்ஸின் வீட்டு முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். அது 3074 என்ற போர்ட்டிலிருந்து, அதாவது கதவு எண்ணிலிருந்து, யூடிபி முறையில் ஒரு பாக்கெட்டை, அதாவது சிறு தகவல் பொட்டலத்தை, வெளியே அனுப்புகிறது. ரவுட்டர் அந்தப் பாக்கெட்டை நிறுத்தி, அனுப்பியவர் முகவரியை அழித்து, அந்த இடத்தில் தன் பொதுமுகவரியை எழுதுகிறது. 3074 என்ற எண்ணையும் சில ரவுட்டர்கள் அப்படியே விட்டுவைக்கின்றன, சில ரவுட்டர்கள் வேறு ஓர் எண்ணாக மாற்றிவிடுகின்றன. இன்ன முகவரி, இன்ன போர்ட், வெளியே இன்ன எண் என்று தன் நினைவகத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு பாக்கெட்டை அனுப்பிவைக்கிறது. அந்த வரி எவ்வளவு காலம் இருக்கும் என்று எண்ணுகிறீர்கள்? வீட்டு ரவுட்டர்கள் மிகப் பலவற்றின் உள்ளே ஓடுகிற லினக்ஸில், பதில் வராத யூடிபி தொடர்புக்கு வழக்கமான ஆயுள் 30 விநாடிதான். 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4787, அந்த ஆயுள் 2 நிமிடத்துக்குக் குறையலாகாது என்று சொல்லியும், எல்லா ரவுட்டர்களும் அதைக் கேட்டு நடந்துவிடவில்லை. ஆகவே கன்சோல் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நின்றால் வரி அழிந்துபோகும்.

அப்படியானால் உங்களுக்கு ஒரு சந்தேகம் எழவேண்டும். செய்தி படிக்கிறோம், படம் பார்க்கிறோம், வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். அவற்றுக்கெல்லாம் காவலாளி ஒருநாளும் தடை சொன்னதில்லையே, கன்சோலுக்கு மட்டும் ஏன் சொல்கிறார்? ஏனென்றால் மற்றவையெல்லாம் நாமே முதலில் கேட்டு, பிறகு பதில் பெறுகிற காரியங்கள். கன்சோல் அப்படியன்று. அது கேட்பதும் உண்டு, கேட்கப்படுவதும் உண்டு. சில வேளைகளில் அதுவே ஆட்டத்தை நடத்துகிற தலைமைப் பெட்டியாகி, ஊர்பேர் அறியாத பல வீடுகளிலிருந்து வருகிற பெட்டிகளுக்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு சிறந்த உதாரணம் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2002 நவம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்னும் சேவையைத் தொடங்கியது. டயல்-அப் இணைப்பு உதவாது, பிராட்பேண்ட் இருந்தால்தான் பிரவேசம் என்று துணிந்து தீர்மானம் செய்தார்கள். அதன் விளைவாக, ரவுட்டர் என்பதைக் கண்டிராத எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பெட்டிக்காகவே 3074 என்ற எண்ணைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 நவம்பர் 9-இல், ஹேலோ 2 வந்தது. அதில் ஒவ்வோர் ஆட்டத்தையும் நிறுவனத்தின் சர்வர் நடத்தவில்லை. ஆடுகிறவர்களில் ஒருவருடைய வீட்டுப் பெட்டியே நடத்தியது. யாரை யாரோடு சேர்ப்பது என்று சொல்லுவது மட்டுமே மைய சேவையின் வேலை.

இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை 2010-இல் உலகம் கண்கூடாகப் பார்த்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் தேதியோடு பழைய எக்ஸ்பாக்ஸுக்கான சேவையை மூடிவிட்டார்கள். புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அன்று ஏற்கெனவே ஹேலோ 2-இல் இணைந்திருந்த ஒரு சிறு கூட்டம் தங்கள் பெட்டிகளை அணைக்க மறுத்துவிட்டது. அணைத்தால் திரும்ப வர வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து உதிர்ந்தபோதிலும், கடைசி ஆட்டக்காரர் மே மாதம் வரையில் நின்று ஆடினார். மைய சேவை மூடப்பட்ட பிறகும் ஆட்டம் எப்படி நடந்தது? வீட்டுக்கும் வீட்டுக்கும் நேரே ஓடிய பாக்கெட்டுகளால் நடந்தது. நம் வீட்டுக் காவலாளியிடம் கன்சோல் ஏன் அவ்வளவு மன்றாடுகிறது என்பது இந்த ஒரு சம்பவத்திலேயே விளங்கிவிடவில்லையா?

சரி, இரண்டு வீட்டிலும் காவல் இருக்கிறது. இரண்டு காவலாளியும் அந்நியரை விடுவதில்லை. பிறகு இரண்டு கன்சோல்கள் எப்படித்தான் சந்திக்கின்றன? இங்கேதான் மனித புத்தியின் அழகான யுக்தி ஒன்று வேலை செய்கிறது. மதுரையில் ஒரு பிள்ளை, சிங்கப்பூரில் அவனுடைய சித்தப்பா மகன். இருவர் பெட்டியும் முதலில் ஒரு பொது சர்வரோடு பேசுகின்றன. அந்த சர்வர், "உன் பாக்கெட் எனக்கு இன்ன முகவரியிலிருந்து, இன்ன போர்ட்டிலிருந்து வந்தது" என்று இரண்டுக்கும் சொல்லி, ஒன்றின் விலாசத்தை மற்றதுக்கும் தருகிறது. உடனே இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஒன்றை நோக்கி மற்றொன்று பாக்கெட் அனுப்புகின்றன. மதுரையிலிருந்து போன முதல் பாக்கெட் சிங்கப்பூர் வாசலில் தள்ளுபடி ஆகலாம். ஆனாலும் அது வீண்போகவில்லை, ஏனெனில் அது வெளியே போன வழியில் மதுரைக் காவலாளியின் நோட்டில் சிங்கப்பூரின் பெயர் ஏறிவிட்டது. ஆகவே சிங்கப்பூரிலிருந்து வருகிற பாக்கெட்டுக்கு மதுரையில் வாசல் திறக்கிறது. யாரும் எதையும் நிரந்தரமாகத் திறந்துவைக்கவில்லை. காவல் விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனாலும் இரு பிள்ளைகளும் சந்தித்துவிட்டார்கள்!

இந்த யுக்தி எப்போது தோற்கிறது? ரவுட்டர் ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு போர்ட் எண் கொடுக்கும்போது தோற்கிறது. சர்வரிடம் பேசியபோது ஓர் எண், சித்தப்பா மகனிடம் பேசும்போது வேறோர் எண் என்றால், சர்வர் சொன்ன விலாசம் பொய்யாகிவிடுகிறது. இந்த வகையைச் சிமெட்ரிக் நேட் என்பார்கள். இத்தகைய ரவுட்டருக்குப் பின்னால் அகப்பட்ட பெட்டிதான் பெரும்பாலும் "ஸ்ட்ரிக்ட்" என்று கதறுகிறது. எக்ஸ்பாக்ஸ் காட்டும் நேட் வகை ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என மூன்று. ஓப்பன் என்றிருப்பவர் எல்லாரோடும் சேரலாம். மாடரேட் என்பவர் ஓப்பனோடும் மாடரேட்டோடும் சேரலாம். ஸ்ட்ரிக்ட் என்பவருக்கு ஓப்பன் ஒருவரே கதி. வீட்டில் பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வாலைத் தாமே அமைத்துக்கொண்ட இளைஞர்கள் இந்தச் சபையில் சிலர் இருக்கக்கூடும். அது தன் இயல்பிலேயே வெளிப்போகும் போர்ட் எண்ணை மாற்றிவிடும் என்பதையும், கன்சோலின் முகவரி ஒன்றுக்கு மட்டும் ஸ்டாட்டிக் போர்ட் விதி எழுதினால் அந்தக் கதறல் அடங்கும் என்பதையும் அவர்கள் நினைவில் வைக்கவேண்டும். ஃபயர்வாலை அணைக்க வேண்டிய அவசியம் அங்கே எள்ளளவும் இல்லை.

இனி, திறப்பதற்குரிய வழிகளுக்கு வருகிறேன்.

ரவுட்டரில் டிஎம்இசட் என்றொரு கட்டம் இருக்கும். அதில் கன்சோலின் முகவரியை எழுதிவிட்டால், வெளியிலிருந்து வருகிற அந்நியப் பாக்கெட்டுகள் அத்தனையும் அந்த முகவரிக்கே போய்ச்சேரும். கன்சோல் கெட்டியாகக் கட்டப்பட்ட பெட்டிதானே, அதற்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது பெட்டியின் பெயரன்று, வெறும் எண். ரவுட்டர் ஒருநாள் அணைந்து எழுந்ததும் 192.168.1.20 என்ற எண் கன்சோலுக்குப் போகாமல், பள்ளிக்கூட வேலைக்காகத் தாயார் வைத்திருக்கும் பழைய லேப்டாப்புக்குப் போனால்? அன்று முதல் உலகத்தின் தட்டல்களெல்லாம் அந்த லேப்டாப்பின் மேல் விழும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. டிஎம்இசட்டை நான் அடியோடு ஆக்ஷேபிப்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது வழி யூபிஎன்பி. கன்சோலே ரவுட்டரிடம், "எனக்கு 3074 வேண்டும்" என்று கேட்டுப் பெற்றுக்கொள்ளும் வழி இது. சௌகரியமானது, நன்றாகவே வேலை செய்கிறது, கோடிக்கணக்கான வீடுகளில் இன்று நடப்பதும் இதுதான். குறை என்னவென்றால், கேட்பது கன்சோலா, வேறு ஏதேனுமா என்று பழைய யூபிஎன்பி விசாரிப்பதே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து யார் கேட்டாலும் கொடுத்துவிடும். 2008-இல், ஒரு தீய வலைப்பக்கத்தைத் திறந்தாலே ஃபிளாஷ் மூலமாக ரவுட்டருக்கு யூபிஎன்பி கட்டளை அனுப்பலாம் என்று ஆய்வாளர்கள் மெய்ப்பித்தார்கள். 2013 ஜனவரியில் ரேபிட்7 என்ற நிறுவனம் வெளியிட்ட ஆராய்ச்சியோ, வீட்டுக்குள் மட்டும் பேசவேண்டிய இந்த யூபிஎன்பி, 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளில் வெளியுலகத்தின் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் காட்டியது. யார் கேட்டார் என்று பாராமல் திறக்கும் காவல், காவலாகுமா?

விளையாட்டுக்கும் இந்த அஜாக்கிரதைக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வந்தபடியே பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த ஐபி கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி பெரிய தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் அந்த சேனையை ஏவினார்கள். ட்விட்டர் முதலான பெரிய தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் எட்டாமற் போயின. மிராயை உருவாக்கி 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அமெரிக்க இளைஞர்களின் ஆரம்ப நோக்கம் என்ன தெரியுமா? மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களின் வியாபாரப் போட்டி! ஒரு வீட்டின் கேமராவில் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு, எங்கேயோ இருக்கிற ஒரு பிள்ளையின் ஆட்டத்தைக் கெடுக்கும் ஆயுதமாகிவிடுகிறது.

ஆகையால் மூன்றாவது வழியையே நான் முதன்மையாகச் சிபாரிசு செய்கிறேன். ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதியில் கன்சோலின் மேக் முகவரியைப் பதிந்து, அதற்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள். பிறகு போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில், எக்ஸ்பாக்ஸானால் 3074 என்ற போர்ட்டை மட்டும், யூடிபிக்கும் டிசிபிக்கும், அந்த எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். நிறுவனம் தருகிற பட்டியலில் 53, 80 என்றெல்லாம் காணப்படும். அவை பெட்டி வெளியே போய்க் கேட்பதற்குரியவை, உள்ளே திறக்கவேண்டியவை அல்ல. ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் 3074 ஒன்றுக்குத்தான் கிடைக்கும். மற்றதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் மாற்றுப் போர்ட் தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. யூபிஎன்பிதான் வேண்டும் என்பவர்கள், கன்சோல் ஒன்றுக்கு மட்டும் அதை அனுமதிக்கும் வசதி தங்கள் ரவுட்டரில் இருந்தால் அதையாவது செய்யுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ் போன்றவற்றில் அந்த வசதி உண்டு.

இத்தனையும் செய்தும் ஸ்ட்ரிக்ட் மாறவில்லை என்று சிலர் வந்து சொல்வார்கள். அவர்கள் ரவுட்டரின் பக்கத்தில் வேன் ஐபி என்று காட்டப்படும் முகவரியைப் பார்க்கவேண்டும். அது 192.168 என்று தொடங்கினால், ஃபைபர் கம்பெனி வைத்த பெட்டியும் ரவுட்டராகவே வேலை செய்கிறது என்று பொருள். இரண்டு காவல் அடுத்தடுத்து நிற்கிறது. முன்னதை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் அடங்கினால், உங்கள் தெருமுகவரியே உங்களுடையது அல்ல. இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறது. இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட முகவரிகள் அவை. நம் நாட்டில் இந்த ஏற்பாடு சர்வசாதாரணம். அந்த வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பிரயோஜனம் இல்லை; ஃபயர்வாலை அணைத்தாலும் பிரயோஜனம் இல்லை. பொதுமுகவரி ஒன்றைக் கேட்டு வாங்குவது, அல்லது ஐபிவி6-க்குப் போவது, இரண்டே மார்க்கம்.

ஐபிவி6 என்பது 128 பிட் முகவரி. பஞ்சம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நேட் என்ற ஒட்டுவேலையும் வேண்டியதில்லை. 2013 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், தோழர்களின் பெட்டிகளோடு பேச ஐபிவி6-ஐயே முதலில் நாடும்படி அமைக்கப்பட்டது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையேயுள்ள பேச்சை ஐபிசெக் என்ற முறையில் பூட்டியும் வைத்தார்கள். ஆனால் இங்கேயும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். நேட் போய்விட்டது என்பதால் காவலும் போய்விடவேண்டும் என்பதில்லை. ஐபிவி6-இல் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் உலகம் அறிந்த முகவரி கிடைப்பதால், ஃபயர்வால் முன்னைவிட அதிகம் தேவை. சில பழைய ரவுட்டர்களில் ஐபிவி6-க்குரிய ஃபயர்வால் தனிக் கட்டமாக இருக்கும். அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் தீரவேண்டும்.

தாய்மார்களே, பெரியோர்களே, உங்களிடம் நான் வேண்டுவது அதிகம் இல்லை. இன்றிரவோ நாளையோ, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ரவுட்டரின் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு கடையில் வந்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். டிஎம்இசட்டில் ஏதேனும் எண் இருந்தால் அழியுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் காத்திருந்தால் போடுங்கள். பிறகு கன்சோலுக்குரிய ஒரே ஒரு போர்ட்டை, அது எதற்கு என்று பிள்ளைக்குச் சொல்லி, அவன் கையாலேயே திறக்கச் செய்யுங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் தெருவில் இதைச் செய்யத் தெரியாத வீடுகள் பல உண்டு. அழைத்தால் போய்ச் செய்து கொடுங்கள், ஃபயர்வாலை மட்டும் யார் சொன்னாலும் அணைக்காதீர்கள்.